காக்கையை நீக்கியதில் காணாமல்போன காடு

ஒரு காட்டில், எந்தப் பொந்து யாருக்கு, எந்த வளை யாருக்கு என்பதையெல்லாம் சிங்கம் கணினியில் ஏற்றி வைத்திருந்தது. அதில் பெயர் இல்லாவிட்டால், பிறந்து வளர்ந்த வளையானாலும் காவலுக்கு நிற்கும் செந்நாய் உள்ளே விடாது.

விவரங்களைச் சேமிக்கும் நிரலை அணில் வரிவரியாகத் தன் கையாலேயே எழுதிவந்தது. முயலுக்குத் தனி நிரல், முள்ளம்பன்றிக்குத் தனி நிரல். புதிதாக யாராவது குடிவந்தால் பதிவதற்கு ஒரு வாரம் இழுக்கும். வேறு யாரையும் தொடவும் விடாது, அவ்வளவு கர்வம்.

அந்தச் சமயத்தில்தான் நரி ஒரு கருவியோடு வந்து சேர்ந்தது.

"விலங்கைக் காட்டினால் போதும், மகாராஜா. எங்கே வைப்பது, எப்படி எடுப்பது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு வரிகூட எழுத வேண்டாம்" என்றது.

சிங்கத்துக்கு வாயெல்லாம் பல். மழைக்காலம்வரை இரண்டும் இருக்கட்டும், பிறகு ஒன்றுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டது. அணிலின் கூட்டிலோ பிள்ளைகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட அன்று, வேறு காட்டுக்குப் போய்விட்ட ஒரு காக்கையின் பெயரை நரி நீக்கியது. காக்கைக்குத் தொடர்புடையது என்று கருவி ஆலமரத்தையும் நீக்கியது. மரத்துக்குத் தொடர்புடையவர்கள் என்று அதில் குடியிருந்தவர்களை நீக்கியது. பிறகு அவர்களுடைய அண்டை வீட்டார், சம்பந்திகள். சாயங்காலத்துக்குள் பாதிக் காடு காட்டில் இல்லை. யானை கொட்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றது. தான் யானைதான் என்று காட்ட அதனிடம் எந்தச் சான்றும் இல்லை.

விசாரணை நடந்தது. தான் காக்கையை மட்டுமே நீக்கியதாகவும் மற்றதைக் கருவி தானாகச் செய்துவிட்டதாகவும் நரி சொன்னது. கருவியைக் கேட்கலாமென்றால் அதற்கு வாயில்லை. அதை வாங்க ஒப்புதல் தந்ததோ சிங்கம். ஆகவே யார் மீதும் தவறில்லை என்று சபை ஒருமனதாக முடிவு செய்து கலைந்தது.

அணில்தான் உட்கார்ந்து, பழைய பிரதியைப் பார்த்து எல்லோரையும் கையாலேயே திரும்ப ஏற்றியது. பாவம், அவசரத்தில் கீரியின் வளையை ஆமையின் பெயரில் எழுதிவிட்டது.

"இதை எழுதியது யார்?" என்று கேட்டது சிங்கம்.

"நான்தான், மகாராஜா."

"அப்பாடா" என்றது சிங்கம்.

அன்றைக்கே அணில் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு, மழையோடு மழையாக எல்லையைத் தாண்டியது.

நீதி: தவறு செய்வதானால் கருவியைக் கொண்டு பெரிதாகச் செய்யுங்கள், கையால் சிறிதாகச் செய்தால் ஆள் அகப்பட்டுவிடும்.