பேசும் கல்லும் நான்காம் கிரேனும்

வடகோடிக் குளிர்நாட்டின் துறைமுகமான கோட்கா நகரத்து ஓட்டல் ஒன்றின் வாசலில், பிப்ரவரி மாதத்துச் சேற்றுப்பனியில், இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி. அந்த ஊரில் மரியாதைக்கு அதுதான் அளவு. மேலாளர்கள் நின்றார்கள். பொறியாளர்கள் நின்றார்கள். வங்கிக் கிளையின் தலைமை அதிகாரி நின்றார். பல் மருத்துவர் சங்கத்தின் செயலாளர் நின்றார். படிக்காதவர் அந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை. மூடத்தனத்தின் வாசலில் பட்டச் சான்றிதழைக் கேட்டுத் திருப்பியனுப்பும் காவலாளி எந்த நாட்டிலும் கிடையாது.

அவர்கள் வாங்க வந்தது ஒரு கல்.

சாதாரணக் கல்லா? சைமா ஏரியின் அடியில் ஆயிரமாண்டு மௌனத்தைக் குடித்துக் கிடந்த கல். சாம்பல்நிறக் கம்பளிப் பையில் முடிந்து, வாய் தைத்து, நானூறு யூரோவுக்கு விற்கப்படும் 'பேசும் கல்'. அலுவலகக் கூட்டத்தில் எழுந்து பேச அஞ்சுகிறவர் இதை மேசைமேல் வைத்தால் போதும். கேட்பவர் நெஞ்சில் சொல் தானாக இறங்கும். விற்றவர் யால்மரி குல்தனேன். வெள்ளைக் கம்பளிச் சட்டை, மெல்லிய குரல், இமைக்காத கண். இருபது ஆண்டுகளுக்கு முன் வீடு வீடாகத் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்றவர். தொழில் மாறவில்லை, உறிஞ்சப்படும் பொருள்தான் மாறியிருந்தது.

கல்லுக்குச் சில விதிகள் இருந்தன. பையைத் திறக்கலாகாது, வெளிச்சம் பட்டால் சக்தி பறந்துவிடும். மேசையின் இடது மூலையில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசப்போகிறவர் எதையும் தயாரிக்கலாகாது. குறிப்பு எழுதுவதோ, ஒத்திகை பார்ப்பதோ, "இவர்களிடம் எனக்கு என்ன வேண்டும்?" என்று முன்கூட்டி யோசிப்பதோ கூடாது. யோசித்தால் கல் தூங்கிவிடும்! உழைக்க வேண்டாம் என்று அருள்வாக்குச் சொல்லும் தெய்வத்துக்குப் பக்தர் பஞ்சம் வந்ததுண்டா?

சான்றும் இருந்தது. "பேசி முடிச்சதும், 'கேள்வி ஏதும் இருக்கா?'ன்னு கேளுங்க. ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. ஏன்? எல்லாக் கேள்விக்கும் கல்லே பதில் சொல்லிடுச்சு!" என்பார் குல்தனேன். பேசியவர்கள் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை. எப்படிப் பொய்க்கும்? கூரை பற்றி எரிந்தாலும், கூட்டத்தில் முதலாவதாகக் குரல் கொடுப்பவர் தாமாக இருக்கக்கூடாது என்று அடுத்தவர் முகம் பார்க்கும் ஊர் அது. வடதுருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பனி விழும் என்று சோதிடம் சொன்னார் குல்தனேன். பலித்தது.

துறைமுகத்தில் கன்டெய்னர்களை ஏற்றி இறக்கும் மெரிநோஸ்தோ நிறுவனம் நாற்பது கற்களை மொத்தமாக வாங்கி, பாதுகாப்புத் தொப்பியைக் கொடுப்பதுபோல் ஆளுக்கொன்றாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது. கல் இல்லாதவர் இயக்குநர் குழுவின் முன் பேச முடியாது என்று சுற்றறிக்கையும் வந்தது.

கையெழுத்திட்டு வாங்கியவர்களில் ஓர்வொக்கி சலோவாராவும் ஒருத்தி. ஐம்பத்திரண்டு வயது, கிரேன்களைச் சோதிக்கும் பொறியாளர். எந்த இயந்திரம் எங்கே முனகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பத்துப் பேர் முன்னால் நின்றால் மட்டும் முதல் சொல்லே மறந்துபோகும். ஆகவே உண்மையை மறைப்பானேன், ஒரு மாதம் அந்தப் பையைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் அவளும் தூங்கினாள்.

தூக்கத்தைக் கெடுத்தது நான்காம் கிரேன். தூக்கிய பாரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் டிஸ்க்கில் ஒரு வெடிப்பு. ஜனவரியில் நகத்தளவு, பிப்ரவரியில் இரண்டு விரல். டிஸ்க் உடைந்தால் முப்பது டன் பெட்டி கீழே வரும். கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். புது டிஸ்க் பொருத்த ஆறு நாள் கிரேனை நிறுத்த வேண்டும். வசந்தகாலக் கப்பல்கள் வரிசை கட்டும் நேரத்தில் ஆறு நாள் நிறுத்த அனுமதி தரக்கூடியது இயக்குநர் குழு மட்டுமே.

அனுமதி கேட்கப் போனவர் அவளுடைய மேலதிகாரி ஊர்ப்போ டீலிக்கா. கல்லை வைத்தார். நாற்பத்தெட்டு ஸ்லைடுகளைத் திறந்தார். கிரேன் பிறந்த தொழிற்சாலையிலிருந்து தொடங்கி, அதன் பூச்சு, அதன் எடை, அது கப்பலேறி வந்த கதை என்று நடந்து, நாற்பத்தோராவது ஸ்லைடில் வெடிப்பை எறும்பெழுத்தில் அடைந்தபோது நேரம் முடிந்துவிட்டது. "கேள்வி ஏதும் இருக்கா?" என்றார். மயான அமைதி. மகத்தான வெற்றி என்று கைகுலுக்கிப் பிரிந்தார்கள். மறுநாளும் நான்காம் கிரேன் ஓடியது.

ஓர்வொக்கி காபி நேரத்தில் குழு உறுப்பினர்கள் இருவரைக் கேட்டுப் பார்த்தாள்.

"ஊர்ப்போ நேத்து என்ன கேட்டாரு?"

"கிரேனுக்குப் பெயின்ட் அடிக்கணும்னு சொன்னாப்ல. இல்லையா?" என்றார் ஒருவர்.

"பெயின்ட்டா? அவர் ஓய்வு பெறப் போறாருன்னுல்ல நான் நெனச்சேன்," என்றார் மற்றவர். "உருக்கமாத்தான் பேசினாரு."

ஊர்ப்போவிடம் போய்ச் சொன்னாள். அவர் நெடுநேரம் யோசித்தார். அதாவது, விதியை மீறினார். பிறகு, "கல்லைக் கொஞ்சம் நடுவுல வெச்சிட்டேன்போல. வியாழக்கிழமை கூட்டத்துல நீ பேசு. இடது மூலை, மறந்துடாதே. உனக்குப் பத்து நிமிஷம்," என்றார்.

திங்கட்கிழமை ஓர்வொக்கி நான்காம் கிரேனில் ஏறி, டிஸ்க்கின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வெடிப்பின் அச்சை எடுத்தாள். மாதாமாதம் அவள் செய்வதுதான். இந்த மாதத்து வெடிப்பு உள்ளங்கை அகலம்.

அன்று அவள் விதியை உடைத்தாள். பணிமனையில் உட்கார்ந்து, பேச வேண்டியதை எழுதினாள். எழுதியதைப் பேசிக் காட்ட ஆள் வேண்டுமே? நான்காம் கிரேனை ஓட்டும் தாவெத்தி அகப்பட்டான். தொழிற்சங்கப் பிரதிநிதி, வாய் நீளம்.

கடல்காற்றில் பணிமனைக் கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. முட்டுக்கொடுக்க எதுவும் அகப்படாமல் ஓர்வொக்கி கல்லிருந்த பையையே கதவடியில் வைத்தாள். கம்பளி வழுக்கியது. கத்தியெடுத்துத் தையலைப் பிரித்து, கல்லை மட்டும் எடுத்தாள். வெளிச்சம் பட்டது. எதுவும் பறக்கவில்லை. கல்லின் ஒரு பக்கம் முழுக்கத் தார்.

"ஏரிக்கு அடியில ரோடு போட்டிருக்காங்களா, ஓர்வொக்கி?" என்றான் தாவெத்தி. "எந்த அமைச்சர் காலத்துல?"

ஒரு மாதமாகத் தலையணைக்கடியில் இருந்த பொருளை அவள் புரட்டித் தார்ப் பக்கத்தைக் கீழே திருப்பினாள். பிறகு கதவடியில் வைத்தாள். கதவு நின்றது. கல் செய்த முதல் நல்ல காரியம் அது.

அவள் பேச, அவன் கேட்டான். மூன்றாம் நிமிடத்தில் அவன் கண் சொருகியது.

"எங்க தூங்கினே?"

"கிரேன் வாங்கின வருஷம் வந்ததும். உனக்கு என்னதான் வேணும்? அதை எப்போ சொல்லப் போறே?"

"கடைசியில."

"அதுக்குள்ள அவங்க சாப்பாட்டுக்குப் போயிடுவாங்கம்மா! மொதல்ல சொல்லித் தொலை."

கடைசி வரியை முதல் வரியாக்கினாள். மறுபடி பேசினாள். கிரேனின் வரலாறு போயிற்று. உலோகவியல் போயிற்று. கேட்பவர் யார்? கப்பல் தாமதமானால் என்ன ஆகும் என்று கவலைப்படுகிறவர்கள். அப்படியானால் அந்தக் கவலைக்கும் ஒரு பதில் வேண்டும். இரண்டாம் கிரேனை இரவு வேலைச் சுற்றிலும் ஓட்டலாம் என்று கணக்கிட்டுச் சேர்த்தாள். ஐந்தாம் முறை பேசியபோது தாவெத்தி தூங்கவில்லை. சிரிக்கவுமில்லை. "அந்தக் கிரேன் ஓட்டற கூண்டுக்குள்ள நான்தானே உட்கார்ந்திருக்கேன்," என்றான் மெதுவாக.

"கல்லை அவங்ககிட்டக் காட்டிடலாமா?" என்று பிறகு கேட்டான்.

"காட்டினா, 'இது ஒண்ணு எப்படியோ கலந்துடுச்சு'ன்னு வேற ஒண்ணு குடுப்பாரு குல்தனேன். பை இல்லாம என்னைப் பேசவும் விட மாட்டாங்க. பை வேணும், அவ்வளவுதானே? உள்ளே என்ன இருக்குன்னு, வியாழக்கிழமை கூட்டத்துக்கு வர்ற அவரே சொல்லட்டும்."

வியாழக்கிழமை காலை பத்து மணி. பதினோரு மணிக்குச் சாப்பாடு, பட்டாணி சூப். அதன் மணம் கேன்டீனிலிருந்து மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. குழுத் தலைவி வியேனோ ஹாப்சலோ நடுவில் அமர்ந்திருந்தாள். பக்கத்தில், சிறப்பு விருந்தினராகக் குல்தனேன். இயக்குநரைத் துப்புரவுத் தொழிலாளி 'நீ' என்று அழைக்கும் நிறுவனத்தில் அவர் ஒருவருக்குமட்டும் 'நீங்க'. குழுவின் அறைக்கென்று 'தாய்க்கல்' ஒன்றை விற்க வந்திருந்தார். அது இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியது, விலையும் அப்படியே.

ஓர்வொக்கி எழுந்தாள். பையை இடது மூலையில் வைத்தாள்.  மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு முதல் வரியைச் சொன்னாள்.

"நான்காம் கிரேனை இன்னிக்கு மத்தியானத்திலிருந்து ஆறு நாள் நிறுத்த உங்க அனுமதி வேணும். நிறுத்தலேன்னா அது ஆளைக் கொல்லும்."

ஸ்லைடு இல்லை. சுவரில் மூன்று தாள்களை ஒட்டினாள். ஜனவரி. பிப்ரவரி. மார்ச். நகம், இரண்டு விரல், உள்ளங்கை. இது உடைந்தால் என்ன விழும், யார்மேல் விழும் என்றாள். ஆறு நாளும் கப்பல்களை எப்படிச் சமாளிப்பது என்றாள். "அனுமதி உண்டா இல்லையான்னு இப்பவே சொல்லணும்," என்று முடித்தாள். ஏழு நிமிடம்.

"கேள்வி ஏதும் இருக்கா?"

அப்போது, மெரிநோஸ்தோவின் சரித்திரத்தில் நிகழாதது நிகழ்ந்தது. தலைவி வாய் திறந்தாள்.

"ஏப்ரல் தாள் எவ்வளவு இருக்கும்?"

"ஏப்ரல் தாள் எடுக்க டிஸ்க் இருக்காதுன்னு பயப்படறேன், வியேனோ."

"புது டிஸ்க் கையில இருக்கா?" என்றார் பெயின்ட் என்று சொன்னவர். ராத்திரிச் சுற்றுக்கு ஆள் போதுமா என்றார் இன்னொருவர். கேள்வி மேல் கேள்வி! ஊர்ப்போ முகம் வெளிறி, "கல்லு ஒடஞ்சுடுச்சு," என்று முணுமுணுத்தார்.

குல்தனேன் சட்டென்று எழுந்தார். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் பாய் விரிக்கத் தெரிந்தவர் அல்லவா?

"ஒடயலே! முழிச்சுக்கிச்சு! ஆயிரத்துல ஒரு கல்லு இப்படிக் கேள்வியாப் பொங்கும். என் உள்ளங்கை சுடுது, பாருங்க." பைமேல் கையை நீட்டிக் கண்ணை மூடினார். "ஏரியோட நடு ஆழம். கல்லுக்கு ஆயிரத்து எழுநூறு வயசு. இந்தம்மா பேசலே, இதுதான் பேசினது."

"நிச்சயமாத் தெரியுமா?" என்றாள் ஓர்வொக்கி.

"என் வாழ்நாள்ல இவ்வளவு வலுவான கல்லைத் தொட்டதில்லே."

ஓர்வொக்கி பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மேசையில் உருண்டது ஓர் அவித்த உருளைக்கிழங்கு. புதன்கிழமை மதியச் சாப்பாட்டில் மிஞ்சியது.

மௌனம். அந்த மௌனத்தை எவரும் வெற்றி என்று எண்ணவில்லை.

"கிழங்கும்... மண்ணுக்கு அடியில மௌனமாத்தான் வளருது," என்றார் குல்தனேன்.

"அப்படின்னா சமையல்காரரைப் பிரதமராக்கிடலாம்," என்றான், தொழிற்சங்கத்துக்காகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாவெத்தி. "தினம் ஒரு மூட்டை உரிக்கறாரு."

"என் கல்லு கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கு. ஒரு பக்கம் தார்," என்றாள் ஓர்வொக்கி.

"அது ஒண்ணு எப்படியோ கலந்திருக்கும்..."

ஊர்ப்போ தம் பையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். வெளியே வந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாரின்மேல், ஒரு விரல் அகலத்துக்கு, வெள்ளை பெயின்ட்.

"இது கார் நிறுத்தற கோடு," என்றார். நாற்பத்தெட்டு ஸ்லைடுகளில் சொல்லாததை நான்கு சொல்லில் சொன்னார். அது எல்லாருக்கும் புரிந்தது.

தலைவி குல்தனேனைப் பார்த்தாள். "யால்மரி, நீ கெளம்பு. தாய்க்கல்லையும் எடுத்துக்கிட்டுப் போ. நாங்க தூக்கி உதவ மாட்டோம்." பிறகு ஓர்வொக்கியிடம் திரும்பினாள். "பன்னெண்டு மணிக்கு நிறுத்து."

நிறுத்தினார்கள். சனிக்கிழமை டிஸ்க்கைக் கழற்றியபோது, தரையில் வைத்த மாத்திரத்தில் அது இரண்டாகப் பிளந்தது. தாவெத்தி பாதியைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அண்ணாந்து, தான் உட்காரும் கூண்டைப் பார்த்தான்.

குல்தனேன் அடுத்த நகரத்தில் விற்கிறாராம். அங்கேயும் வரிசை, அங்கேயும் ஒன்றரை மீட்டர். கோட்காவில் அந்தக் கல் இன்னும் பணிமனைக் கதவடியில் இருக்கிறது; காற்று எவ்வளவு அடித்தாலும் கதவைப் பிடித்துக்கொள்கிறது. கல்லுக்குத் தெரிந்த வேலையைக் கல் செய்கிறது. தலைக்கென்று ஒரு வேலை உண்டே, தலையைத் தோள்மேல் சுமந்து திரிகிறவர்கள் அதை எப்போது செய்யப்போகிறார்கள்?