மூன்று ஸ்பீக்கரும் உன் அக்காவும்

பல் கிளினிக் முகவரிக்கு. டாக்டர் மட்டும் பிரிக்கவும்.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்குத் தங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் இல்லத்தரசியாரும், குழந்தைகள் இருவரும், தங்கள் முன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும் நோயாளிகளும் எல்லா நலமும் பெற்றிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது என் வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை நிலுவையில் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா அங்கே வந்து இன்றோடு ஒன்பது நாள். (தாங்கள், தங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.) நீ மூன்று தடவை போன் செய்து, "என்ன அத்தான், ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாய். நானும் மூன்று தடவை, "ஒண்ணுமில்லையே, சும்மாதான் வந்திருக்கா" என்றேன். மூன்றும் பொய். நீங்கள் போனைச் சத்தமாக வைத்து வீடே கேட்கிற மாதிரி பேசுகிறவர்கள், அதனால்தான் உண்மையைச் சொல்லவில்லை, அதனால்தான் இந்தக் கடிதமும் கிளினிக்குக்கு வருகிறது. எப்படியாவது உன் அக்காவைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் நடந்தது தெரியாமல் நீ என்னவென்று சமாதானம் பேசுவாய்? ஆகையால் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன், சிரிக்காமல் படி.

எல்லாம் ஒரு ஸ்பீக்கரால் வந்தது. கேட்டது அவள்தான். "கை ஈரமா இருக்கும்போது போனைத் தொட முடியல. வாயால சொன்னாலே பாட்டுப் போடுற குட்டி ஸ்பீக்கர் இருக்காமே. ஒயர் எதுவும் கிடையாதாம், சமையல்கட்டு, துணி மடிக்கிற ரூம்னு எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாமாம். ஒண்ணு வாங்கிக் குடுங்களேன்" என்றாள். வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். நான் முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். மூன்று சாம்பிள் வரவழைத்து, சோதித்து, அட்டவணை போடாமல் ஒரு துடைப்பத்தைக்கூட வாசலைத் தாண்ட விட்டதில்லை. ரிட்டையர் ஆனது நான்தான், என் கை இன்னும் ஆகவில்லை. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் எதற்கெடுத்தாலும் கியாரண்டி என்பார், அவருக்குப் பெயரே கியாரண்டி என்று ஆகிவிட்டது. அவரிடம் போய் மூன்று சாம்பிள் கேட்டேன். "ஒண்ணு எடுத்துட்டுப் போங்க சார், பிடிக்கலன்னா மாத்தித் தரேன், கியாரண்டி" என்றார். நான் நகரவில்லை. மற்றவர்கள் வாங்கிய பெட்டிகளையெல்லாம் பிரித்துச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் அவரே, "மூணையும் கொண்டு போங்க சார். ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. அதுக்கு முன்னாடி மட்டும் வந்துடாதீங்க" என்று கும்பிட்டார்.

ஒன்று ஆரஞ்சுப் பழம் கொஞ்சம் பெருத்த மாதிரி, அது குண்டன். ஒன்று தண்ணீர் பாட்டில் மாதிரி, நெட்டையன். மூன்றாவது சோப்பு டப்பா உயரம்கூட இல்லை, தட்டையன். கியாரண்டியே வீட்டுக்கு வந்து மூன்றையும் வைஃபையில் சேர்த்தார். பிறகு, "கூப்பிட ஒரு வார்த்தை வைக்கணும் சார். அதைச் சொன்னாத்தான் இது முழிச்சுக்கும்" என்றார். யோசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான் யாரையாவது கூப்பிட்டது ஒரே ஒரு வார்த்தையில்தான், நாக்குக்கு வேறு எதுவும் பழக்கமில்லை. "ஏம்மான்னு வெச்சுடுங்க" என்றேன். கியாரண்டி என்னைப் பார்த்தார், சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "மூணுக்குமா சார்?" என்றார். "சோதனைன்னா எல்லாத்துக்கும் ஒரே நிபந்தனைதான் இருக்கணும்" என்றேன். அவர் மூன்றுக்கும் அதையே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் காலையிலேயே வில்லங்கம் ஆரம்பித்தது. குளியலறையில் இருந்து, "ஏம்மா, துண்டு எங்க?" என்று கத்தினேன். குண்டன் துண்டு எந்த நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது என்று பாடம் நடத்தியது. நெட்டையன், பருத்தித் துண்டு ஆறு வண்ணங்களில் கிடைக்கிறது, அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டது. தட்டையன், "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. உன் அக்கா கையில் துண்டோடு கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "என்னையா கூப்பிட்டீங்க, அதுங்களையா?" என்றாள். "எல்லாரையும்தான்" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு அவள் பதில் சொல்வதையே விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் மழை. "ஏம்மா, மழை வருது, கொடியில துணி" என்று அலறினேன். "இன்று மழைக்கு வாய்ப்பில்லை" என்று நெட்டையன் அடித்துச் சொல்கிறது, வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அவள் ஜன்னலோரம் நிதானமாக வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். "என்னது, கேக்கலையா?" என்றால், "அதுங்ககிட்ட பேசுறீங்கன்னு நெனச்சேன்" என்கிறாள். என் நான்கு சட்டையும் தொப்பல். இதையெல்லாம் நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் நான் சோதனையில் மும்முரமாக இருந்தேன். மூன்றடியில் கூப்பிட்டு, பத்தடியில் கூப்பிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டு, மிக்சி ஓடும்போது கூப்பிட்டு, வாயில் பிரஷ்ஷோடு கூப்பிட்டு, எல்லாவற்றுக்கும் மார்க் போட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள். ஸ்டோரில் ஒரு விதி உண்டு. புதிய சாமான் எதை வாங்கினாலும், இப்போது உபயோகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஆடிட்டர் பிடித்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தில், சத்தியமாகப் பழக்கத்தில்தான், அட்டவணையில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, "தற்போது உபயோகத்தில் இருப்பது" என்று தலைப்பு எழுதினேன். முதல் அழைப்பில் பதில்: பத்துக்கு மூன்று. குரல்: தேவைக்குச் சற்று அதிகம். எதிர்க்கேள்வி: உண்டு. உத்தரவாதக் காலம்: முடிந்துவிட்டது. அதோடு நிறுத்தினேனா? கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

மத்தியானம் அதைப் படித்தாள். பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்தாள், சின்னப் பையில் நாலு புடவை எடுத்து வைத்தாள், "தம்பி வீட்டுக்குப் போறேன்" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்பது நாளாக நான் இந்த மூன்றோடு குடித்தனம் நடத்துகிறேன். சொன்னதைச் செய்கின்றன, குறை சொல்ல முடியாது. ஆனால் நேற்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டேன், ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. கியாரண்டிதான் பார்த்துச் சொன்னார். பொத்தானைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, "அம்மாவுக்கு எது பிடிச்சிருக்கு சார்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மச்சான். ஏழு நாள் சோதனையில் அவளை ஒரு தடவைகூட, "நீ பேசிப் பாரு" என்று நான் சொல்லவில்லை. கேட்டவள் அவள், சமையல்கட்டு அவளுடையது, பாட்டு கேட்கப்போவதும் அவள். உபயோகிக்கிறவரிடம் கேட்காமல் சாமானைத் தேர்வு செய்யக்கூடாது என்று எத்தனை இன்ஜினியர்களோடு சண்டை போட்டிருப்பேன்! வெட்கமாக இருக்கிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதை அவளிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீயாகத் தெரிந்துகொண்ட மாதிரி சொல். அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டேன் என்று சொல். மூன்றும் வெள்ளிக்கிழமை கடைக்குத் திரும்பிப் போகின்றன, அவள் வந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், நான் கடைக்கு வெளியே நிற்கிறேன் என்று சொல்.

குழந்தைகள் பல்லும் படிப்பும் பழுதில்லாமல் வளர என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உன் அக்காவுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, நீயே பார்த்து ஏதாவது சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்காவே போன் செய்தாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லையாம். அந்தத் தாளைப் படித்துப் பஸ்ஸில் நாலு நிறுத்தம்வரை சிரித்தாளாம். மூன்று மார்க் சரிதானாம், ஒரே தடவையில் பதில் சொல்லிவிட்டால் எனக்குப் பழகிவிடும் என்றுதான் இத்தனை வருஷமும் இரண்டு தடவை கூப்பிட வைத்தாளாம். "அப்ப ஏன் போனே?" என்றேன். "தம்பி வீட்டுல ஒரு வாரம் சேர்ந்தாப்ல இருக்கணும்னு எத்தனை வருஷமா ஆசை தெரியுமா? நீங்க கூப்பிட்டா பதில் சொல்ல ஆள் இல்லையேன்னுதான் மூணாம் நாளே ஓடி வந்துடுவேன். இப்பத்தான் மூணு பேர் இருக்காங்களே" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். சமாதானம் எதுவும் பேசாதே, அவளை அனுப்பவும் அனுப்பாதே. அவள் போதும் என்று சொல்கிறவரை அங்கேயே இருக்கட்டும்.