நான் திறந்துவிட்ட காவிரி

படிக்காதவர் பிழை செய்தால் வீட்டோடு போகும். படித்தவர் செய்தால் ஊரே திரண்டு வரும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். நிலத்தடி நீரியல் படித்து, அதிலேயே வேலையும் வாங்கினேன். (பெருமைதான். இன்னும் குறையவில்லை.)

என்னைத் தனியாக அனுப்பிய முதல் வேலை, நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ்மில். நெல்லை ஊறவைக்க, அவிக்க எல்லாவற்றுக்கும் ஒரே போர்வெல். அது தாங்கும் என்று நான் எழுதிக்கொடுத்தால்தான் இரண்டாவது பாய்லருக்கு வங்கி கடன் கொடுக்கும். மோட்டாரை ஓடவிட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நிறுத்தியபின் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இறைக்கும் தண்ணீரை எங்கே விடுவது? பக்கத்திலேயே காய்ந்த வாய்க்கால். குழாயை அதில் போட்டேன். மேட்டூர் அணை திறந்து, ஊரே வாய்க்காலைப் பார்த்துக் காத்திருந்த வாரம் அது. டெல்டாவில் பிறந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

மதியம் வாய்க்கால் கரையோடு ஒரு கூட்டம் வந்தது. வழியெல்லாம் பூவும் நெல்லும் தூவி, குலவையிட்டு வந்தவர்கள், என் குழாயைக் கண்டதும் நின்றார்கள்.

"காவேரி வந்துட்டான்னு கற்பூரம் ஏத்திட்டோம். யாரும்மா நீ?" என்றார் முன்னால் நின்ற பெண்; பெயர் செல்வம்மா.

"இது காவேரி இல்லீங்கக்கா, டெஸ்ட்டு. இப்ப நிறுத்திடுவேன்."

(அதைச் சொல்லியிருக்கக் கூடாது.)

"நிறுத்துவியா? மொளகட்டின வெத கோணியில கெடக்கு. இப்பத்தான் நாத்தங்காலுக்குத் தண்ணி ஏறுது. கற்பூரம் காட்டுன தண்ணிய நிறுத்திப் பாரு!"

சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். மில் முதலாளி என் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, போரு வத்திப்போனா நாளைக்கு நெல்ல எச்சித் தொட்டா ஊற வைக்கிறது?"

நான் அளவு நாடாவைப் போர்வெல்லுக்குள் இறக்கிக்கொண்டே இருந்தேன். நாற்றங்கால் நனைந்து, பொழுது சாய்ந்துதான் செல்வம்மா எழுந்தார். நீர்மட்டமோ கொஞ்சம் இறங்கி, ஓரிடத்தில் நின்றது நின்றதுதான். மோட்டாரை நிறுத்தியதும் விறுவிறுவென்று ஏறியது. அவ்வளவு நேரம் ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சலே வந்திருக்காது. "தாராளமாகத் தாங்கும்" என்று எழுதிக்கொடுத்தேன். பாய்லரும் வந்தது.

செய்தி எனக்கு முன்னால் பஸ் பிடித்து வீடு போயிருந்தது. அணை திறப்பதை டிவியில் காட்டும்போதெல்லாம் அம்மா இன்றும் உறவுக்காரர்களிடம் சொல்கிறாள்:

"மந்திரி தொறந்தது கெடக்கட்டும். எம் பொண்ணு எப்பத் தொறப்பான்னு கேட்டுக்கிட்டுப் பூ வாங்குங்க."