பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு மணப்பெண்

கூச்சப்படுகிறவர்களை நம்பி எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. நாங்கள் நன்றாகத்தான் வேலை செய்வோம். ஆனால் ஒரு சந்தேகம் வந்தால் யாரிடமும் கேட்க மாட்டோம். 'இதுகூடத் தெரியாதா' என்று சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில், தெரியாததையும் தெரிந்த மாதிரியே செய்து முடித்துவிடுவோம். நான் அப்படிச் செய்து முடித்த ஒரு காரியத்தால் என் தம்பியின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. குழந்தைகளுக்காகச் சுவரில் யானை, முயல், மயில் என்று வரைந்து வைப்பேன். (என் யானையைப் பார்த்து ஒரு பிள்ளை 'பஸ்' என்றது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.) சுவரில் இடம் தீர்ந்துபோன சமயத்தில், கொழும்பில் வேலை செய்யும் என் மகள் தன் பழைய போனை எனக்குத் தந்து, படம் வரையும் ஆப் ஒன்றையும் அதில் போட்டுக்கொடுத்தாள்.

"விரலாலயே வரையலாம்மா. பிழையாப் போச்சுன்னா ரெண்டு விரலால ஒரு தட்டு தட்டுங்க. போட்ட கோடு போயிரும்."

தட்டினேன். போய்விட்டது.

அந்த நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் அதுவரை செய்த எந்தப் பிழையும் தட்டினால் போனதில்லை. அன்று முழுக்க வேண்டுமென்றே கோணல் கோடுகள் போட்டுப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். வண்ணம் ஊற்றுகிற ஒரு வாளி இருந்தது. மலையை வரைந்து, வாளியைத் தொட்டு, மலையைத் தொட்டால் போதும், மலை முழுக்கப் பச்சை. (நிஜ மலையைப் பச்சையாக வைத்திருக்க எத்தனை பேர் முதுகு ஒடிகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.) மழைத் தூறலுக்கு ஒரு தூரிகை, பனிமூட்டத்துக்கு ஒரு தூரிகை. சோறு வடிக்கும்போதும் விரல் துறுதுறுத்தது. ஒருநாள் பருப்பில் உப்புக் கூடிவிட்டது. யோசிக்காமல் சட்டியின் விளிம்பை இரண்டு விரலால் தட்டினேன்.

"என்ன, சட்டிக்கு நாடி பாக்குறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்புறம்தான் அந்த நடுக்கோடு வந்தது. எதையோ தொட்டுவிட்டேன், படத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு புள்ளிக்கோடு விழுந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு இலை வரைந்தால், அந்தப் பக்கம் அதே இலை தானாக முளைத்தது. பயந்துபோய்ப் போனைக் கட்டிலில் போட்டுவிட்டேன். பிறகு எடுத்துப் பார்த்தால், இலைகள் இரண்டும் அங்கேயே இருந்தன.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அந்தக் கோட்டை வைத்துத்தான் முருகனை வரைந்தேன். பாதி முருகன் என்னுடையது, மீதிப் பாதி தானாக வந்தது. பக்கத்தில் வள்ளியை மட்டும்தான் வரைந்தேன். தெய்வானை அவளாகவே வந்து நின்றாள். அதைத்தான் அந்த வருடம் பேனராக அடித்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் பேனரைப் பார்த்து "நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

அந்தத் தலைக்கனத்தோடுதான் என் தம்பி சுதாகரின் கல்யாணப் பேனரை நானே வரைந்து தருகிறேன் என்று வாய்விட்டேன்.

சுதாகர் கொழும்பில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வேலை பார்த்தான். பெண் கந்தப்பளையைச் சேர்ந்த தர்ஷினி. கெட்டிக்காரி, வலது கன்னத்தில் ஒரு மச்சம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. பிடிக்காதவர் ஒருவர்தான்: பெண்ணின் தாய்மாமா. தோட்டத்தில் வேலைக்காரர்களை மேய்த்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. கொழுந்துக் கூடையின் அடியில் ஒரே ஒரு முற்றின இலை கிடந்தாலும் கையை விட்டு அதையே எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுகிற மனிதர். கொழும்பில் சுதாகருக்கு வேறு ஒருத்தி இருப்பதாக யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

நிச்சயம் செய்ய வந்த அன்று எங்கள் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நானே கொழும்புக்குப் போயி விசாரிச்சேன். ஒண்ணும் அகப்படல. அகப்படலன்னா இல்லன்னு அர்த்தமில்ல. கல்யாணத்தன்னைக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் வந்த பஸ்ஸ அப்பிடியே திருப்பிருவேன்."

இனி பேனர். முருகனை வரைந்த அதே படத்தைத் திறந்து, சாமிகளைத் துடைத்துவிட்டு, நடுவில் தம்பியை வரைந்தேன். பாதித் தம்பியை வரைந்தால் முழுத் தம்பி வந்தான். (கையில் வாட்ச் கட்டினேன். இரண்டு கையிலும் வாட்ச் வந்தது. மாப்பிள்ளைதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.) அவனுக்கு ஒரு பக்கத்தில் தர்ஷினியை வரையத் தொடங்கினேன். விரலால் பெரிதாக்கி, அவள் முகம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு, மூக்குத்தி, மச்சம், சேலைக் கரை என்று மூன்று நாள் ஊசியால் தைத்த மாதிரி வரைந்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு முகம் வரைந்ததில்லை. சந்தோஷத்தில் படத்தைச் சுருக்கி முழுதாகப் பார்த்தேன்.

தம்பிக்கு இரண்டு பக்கமும் தர்ஷினி.

சரி, ஒருத்தியை அழித்துவிடலாம் என்று அந்தப் பக்கத்தவளை அழித்தேன். இந்தப் பக்கத்தவளும் அழிந்தாள். இரண்டு விரலால் தட்டினேன். இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அவள்மேல் ஒரு வாழைமரம் வரைந்து மறைத்தேன். இங்கேயும் வாழைமரம். அதையும் தட்டிப் போக்கினேன். அந்த நடுக்கோட்டை நிறுத்துகிற பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. மகளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். 'நானே செய்வேன்' என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டதே. எப்படிக் கேட்பது?

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. வெளியே இருந்து கொண்டுவந்து வைக்கிற படம் இரண்டாக ஆவதில்லை என்று முன்பே கவனித்திருந்தேன். எங்கள் சாமித் தட்டில் இருந்த பிள்ளையாரைப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, அந்தப் பக்கத்தவள்மேல் வைத்தேன். தலை முதல் கால் வரை மறைந்துபோனாள். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சுதாகருக்குத் தோளோடு தோளாகப் பிள்ளையார் நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானே என் முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

ஹட்டனில் பேனர் அடித்துத் தரும் சிங்களத் தம்பி நல்ல பிள்ளை. நான் அவனை 'மல்லி' என்று கூப்பிடுவேன், சிங்களத்தில் தம்பி. "அக்கே, வெறும் படமா அனுப்பினா பெரிசா அடிக்கும்போது தெளிவில்ல. லேயரோட அனுப்புங்க" என்றான். லேயர் என்றால், கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கின மாதிரி. அடித் தாளில் என் படம், மேல் தாளில் பிள்ளையார். மேல் தாளை நகர்த்தினால் அடியில் இருப்பது தெரியும். எனக்கு அது தெரியும். அதை யாராவது நகர்த்துவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

கல்யாணக் காலையில் என் வீட்டுக்காரர் பேனரைச் சுருளாகவே வாங்கிவந்து தந்தார். தம்பியின் கூட்டாளிகள் தலவாக்கலை மண்டபத்து வாசலில் அதைக் கட்டினார்கள். நான் உள்ளே வெற்றிலைத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. மேளம் தொடங்கியது. சட்டென்று நின்றது. யாரும் உள்ளே வரவில்லை.

வெளியே ஓடிவந்து நிமிர்ந்து பார்த்தேன். பேனரின் உச்சியில், நட்ட நடுவில், பிள்ளையார் சின்னதாக, அழகாக நின்றிருந்தார். கீழே நடுவில் என் தம்பி. அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு மணப்பெண். அந்தப் பக்கம் ஒரு மணப்பெண்.

என் இரண்டு விரல்கள் தானாக நீண்டு பேனரின் ஓரத்தைத் தட்டின. ஒன்றும் போகவில்லை.

கணக்கப்பிள்ளை ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூடையைச் சோதிக்கிற மாதிரி, ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"நடுவுல மாப்பிள்ள. சரி. இந்தப் பக்கம் எங்க புள்ள. சரி. அந்தப் பக்கம் யாரு?"

"அதுவும் தர்ஷினிதான் மாமா" என்றான் சுதாகர்.

"அதுவும்னா? எங்க வீட்டுல ஒரு தர்ஷினிதான் இருக்கா." விரலை நீட்டினார். "எங்க புள்ளைக்கு மச்சம் வலது கன்னத்துல. இவளுக்கு இடது கன்னத்துல. எங்க புள்ள முந்தானைய இடது தோள்ல போட்டிருக்கா. இவ வலது தோள்ல போட்டிருக்கா. இது ரெண்டும் ஒரே ஆளா?"

"வலது தோள்ல போடுறது வடக்கத்திப் பொண்ணுங்கதானே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அப்ப இந்தியாக்காரி. கொழும்புல புடவைக் கட வச்சிருப்பா."

"சொந்தக் கடையா?" என்று இன்னொருவர் மரியாதையோடு கேட்டார்.

"அது கெடக்கட்டும்" என்றார் கணக்கப்பிள்ளை ஐயா. "ரெண்டு கையிலயும் எதுக்குய்யா வாட்ச்சு? ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா நேரம் பாக்கவா?"

என் வீட்டுக்காரர் அவசரமாக ஹட்டன் மல்லிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அவன் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"ஆ, அண்ணே, பேனர் லஸ்ஸனதானே, அழகா இருக்குதானே? சாமிய ஓரமா நிக்க வைக்கிறது பாவம் அண்ணே. அதான் நான் மேல நடுவுக்கு எடுத்து வச்சேன்."

"தம்பி, பின்னால இருந்த அந்தப் பொம்பள?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சாமி அந்த நோனாவ மறைச்சிட்டு இருந்தாரு நே. இப்ப நல்லா தெரியுது. கதிர்காமத் தெய்யோ, உங்க முருகன், அவருக்கும் ரெண்டு பேர்தானே அண்ணே."

கணக்கப்பிள்ளை ஐயா பஸ் பக்கம் திரும்பினார். "டிரைவர், வண்டிய எடு."

சுதாகர் என்னைப் பார்த்தான். அவன் சின்ன வயதில் ஆற்றில் செருப்பை விட்டுவிட்டு வந்து நின்றபோது பார்த்த அதே பார்வை. பஸ் ஜன்னலில் தர்ஷினியின் முகம் வெளுத்திருந்தது.

தோட்டக் கூட்டத்தில் பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறவள் நான். அன்று என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது.

"நில்லுங்க கணக்கப்பிள்ள ஐயா. அவ ஆளே இல்ல. நான் அவள வரையல. அவளாதான் வந்தா."

இது நிலைமையை இன்னும் மோசமாக்கியது என்பது சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. வேறு வழியில்லாமல் போனைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஒரு கோடு போடுங்க ஐயா."

"நான் எதுக்கு...?"

"போடுங்க."

சுண்டு விரலால் ஒரு கோடு போட்டார். இரண்டு கோடு விழுந்தது. போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். மறுபடியும் ஒரு வட்டம் போட்டார். இரண்டு வட்டம்.

"அங்கிட்டு யாரு போடுறா?"

"யாரும் போடல ஐயா. கண்ணாடி மாதிரி. அழிச்சாலும் ரெண்டும் அழியும். அழிச்சுப் பாத்தேன், வாழைமரம் வச்சுப் பாத்தேன், கடைசில பிள்ளையார வச்சேன்." பிறகு நான் நிறுத்தவில்லை. தூரிகை, வாளி, லேயர், பனிமூட்டம் என்று மண்டப வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேளக்காரர்கூட எட்டிப் பார்த்தார். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அதற்குள் தர்ஷினி முகம் பார்க்கிற கண்ணாடியோடு பஸ்ஸை விட்டு இறங்கிவந்து, மாமாவின் பக்கத்தில் நின்று, அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மாமா, இதுக்குள்ள பாருங்க. மச்சம் எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். "முந்தானையுமா மாறும்?" என்று கேட்டார்.

"மாறும் மாமா. கண்ணாடிக்குள்ள இருக்கிறவளும் வடக்கத்திக்காரிதான்."

முதலில் சிரித்தது டிரைவர். அப்புறம் வாசலே சிரித்தது. கணக்கப்பிள்ளை ஐயா மட்டும் சிரிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, என் போனை மடியில் வைத்து, ஒரு தேயிலைச் செடி போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமும் ஒன்று முளைத்தது.

"முகூர்த்தம் போகுது" என்று உள்ளேயிருந்து ஐயர் குரல் கொடுத்தார்.

"மாமா, போனக் குடுங்க" என்றாள் தர்ஷினி.

"இரு புள்ள. பிழையான கோட்ட எப்பிடி அழிக்கிறது?"

"ரெண்டு விரலால தட்டுங்க ஐயா" என்றேன்.

தட்டினார். போய்விட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் தட்டில் நானும் அப்படித்தான் விழித்திருப்பேன். எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டு, "மேளத்த அடிங்கய்யா" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார். (போன் அவர் கையில்தான் போனது. தாலி கட்டும் போட்டோவில் அவர் மட்டும் கீழே குனிந்திருப்பார்.)

பேனரை அவிழ்க்க யாருக்கும் நேரமில்லை. அத்தனை குடும்பப் போட்டோவிலும் இரண்டாவது மணப்பெண் பின்னால் நிற்கிறாள். நடுக்கோட்டை நிறுத்துகிற பொத்தானை அடுத்த வாரம் மகள் காட்டினாள். மேலேயே, கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

சுதாகர் இப்போது கந்தப்பளையிலேயே ஒரு கடை வைத்திருக்கிறான். எங்கள் மழைக்கு நல்ல பேனரை யாரும் வீசுவதில்லை. அவன் வீட்டு விறகுக் கொட்டிலை அதுதான் மூடிக்கொண்டிருக்கிறது. இரண்டாக மடித்துக் கட்டியதில், ரோட்டைப் பார்த்தபடி வெளியே தெரிவது அவள்தான்: இடது கன்னத்து மச்சம், வலது தோள் முந்தானை. அந்த வீட்டில் கறியில் உப்புக் கூடினால் அவள் வைத்த கறி. சுதாகர் பிந்தி வந்தால் அவளிடம் போய்விட்டு வந்தது.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது, புதிதாகக் குடிவந்த ஒரு பெண் மழைக்கு ஒதுங்கினாள். கொட்டிலைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "அக்கா, இது யாருங்க?" என்று கேட்டாள்.

தர்ஷினி சிரிக்கவே இல்லை.

"அவங்கதான் மூத்தவங்க" என்றாள். "மழையில நிக்க வச்சிருக்கோம்னு கோவம். முகத்தப் பாக்காம உள்ள வாங்க."