தாராளமா இருக்கு சார்

சமையலறையை எங்கே ஒளித்து வைப்பது என்று மேடத்துக்குப் புரியவில்லை.

மற்ற அறைகளைப் பற்றிக் கவலை இல்லை. ஹால், இரண்டு படுக்கையறை, குளியலறை எல்லாம் வகுப்புக்குள்ளேயே எப்படியோ அடங்கிவிட்டன. சமையலறை மட்டும் வாசலைத் தாண்டி வராந்தாவில் கிடந்தது. அடுப்பு மேடை பக்கத்துத் துறையின் கதவு வரைக்கும் நீண்டிருந்தது.

வீடு என்றால் செங்கல் வீடு இல்லை. அது பல்கலைக்கழகத்தின் உள் அலங்காரத் துறை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் தாங்கள் வரைந்த வீட்டை, நிஜ வீட்டின் அளவிலேயே, தரையில் வெள்ளை டேப்பால் ஒட்டுவார்கள். பிறகு அதற்குள் நடந்து பார்ப்பார்கள். கட்டில் போட்டால் அலமாரிக் கதவு திறக்குமா, குளிக்கப் போகிறவர் சோபாவில் இருப்பவரின் காலை மிதிக்காமல் போக முடியுமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். காகிதம் எதற்கும் தலையாட்டிவிடும், தரை அப்படி ஆட்டாது என்பது மேடத்தின் கட்சி.

மேடம்தான் துறைத் தலைவர். ஒரு கோடு இம்மியளவு சாய்ந்தாலும் அவருக்குத் தலைவலி வந்துவிடும். பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மூலைமட்டம். வீட்டிலும் இதே கதைதான். நினைத்தால் நாற்காலிகளை இடம் மாற்றிவிடுவார். அவர் கணவர் எத்தனையோ முறை தரையில் விழுந்த பிறகு, இப்போதெல்லாம் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

அன்றைய சங்கடத்தைத் தொடங்கி வைத்தவர் பக்கத்து அறைக்காரர், கணக்கியல் துறைத் தலைவர். கணக்கு சார் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். வருஷக்கணக்காக இரண்டு துறைக்கும் ஏழாம் பொருத்தம். பசை நாற்றம், டேப் கிழிக்கிற சத்தம், வராந்தாவில் சிதறும் அட்டைத் துண்டு என்று அவர் புகார் சொல்லாத நாளே கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் காலையில் கதவோரம் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், பதிவாளர் ஆபீஸ்லேருந்து ஒரு அதிகாரி வர்றார். ரூம் ரூமா பார்க்கப் போறாராம்."

"எதுக்கு சார்?"

"நெரிசலா, கன்னாபின்னான்னு வச்சிருக்கிற துறையை எல்லாம் பேஸ்மென்ட்டுக்குத் தள்ளப் போறாங்களாம். ஜெனரேட்டர் பக்கத்துல. நமக்குள்ள ஆயிரம் இருக்கும், அதுக்காக உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியுமா?"

பேஸ்மென்ட்டில் ஜன்னல் கிடையாது. வெளிச்சமே இல்லாத இடத்தில் நிறத்தைப் பற்றி என்னவென்று பாடம் நடத்துவது? நாலைந்து பிள்ளைகளோடு ஆரம்பித்த துறையை நாற்பது பேராக வளர்த்தவர் மேடம். அது தரைக்குக் கீழே போனால் அடுத்த வருஷம் யாரும் சேர மாட்டார்கள். அதற்கடுத்த வருஷம் துறையே இருக்காது.

ஆனால் நெரிசலுக்கு அந்தத் துறையில் பஞ்சமே இல்லை. பாதிப் பேருக்குத்தான் மேசை, மீதிப் பேர் மடியில் பலகை வைத்து வரைந்தார்கள். பழைய பிள்ளைகள் செய்துவிட்டுப் போன அட்டை வீடுகள் அலமாரிக்கு மேலே கூரையை முட்டிக்கொண்டிருந்தன. ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும்.

"சின்ன இடத்தைப் பெரிசா காட்டறது எப்படின்னு நாலு மாசமா தொண்டை வத்தக் கத்தறேன்ல? இன்னிக்குத்தான் பரீட்சை" என்றார் மேடம் பிள்ளைகளிடம். "முதல்ல அந்தச் சமையலறையைப் பிய்ங்க."

"சமையலறை இல்லாம வீடா மேடம்?" என்றாள் வகுப்பு லீடர். எதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிற பெண்.

"இந்த வீட்டுல யாரும் சமைக்கிறதில்ல. பிய்."

பிய்த்தார்கள். டேப்போடு தரையின் பெயின்டும் உரிந்து வந்துவிட்டது. அதுவரை ஏதோ கோடு போலக் கிடந்த சமையலறை, இப்போது தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

"போச்சு. பூந்தொட்டி எல்லாம் எடுத்துட்டு வந்து கோட்டு மேல வைங்க."

வரிசையாக வைத்தார்கள். கோடு மறைந்தது, கூடவே வழியும் மறைந்தது. கணக்கியல் துறைக் கதவுக்கு நேர் எதிரே தொட்டிகள் வேலி கட்டி நின்றன. கதவைத் திறந்துகொண்டு வேகமாக வெளியே வந்த கணக்கு சார் முழங்காலில் இடித்துக்கொண்டார். மேடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றார்.

"இருக்கட்டும் மேடம், நாங்க ஒடுங்கி வந்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்தபடியே உள்ளே போய்விட்டார் கணக்கு சார்.

மேடத்தால் தன் காதையே நம்ப முடியவில்லை.

அடுத்தது அட்டை வீடுகள். மாடிப்படிக்கு அடியில் வைக்கப் போனால் அங்கே வாளியும் துடைப்பமும் முன்பே குடியேறியிருந்தன. ஆசிரியைகள் ஓய்வறையின் வாசலில் அடுக்கினார்கள். உள்ளே ஓர் ஆங்கில ஆசிரியை இருந்தது யாருக்கும் தெரியாது. அவர் வெளியே வர முடியாமல் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பாடு போட்டார். எல்லாவற்றையும் திரும்பத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வராந்தாவில் வந்து நின்றபோது, கணக்கு சார் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"ஏன் மேடம் இப்படி அலையறீங்க? எங்க ரூம்ல போடுங்க."

"உங்க ரூம்லயா? உங்க ஆளுங்க எங்க சார் உட்காருவாங்க?"

"நின்னுக்கறோம். ஒரு நாள் நின்னா கால் ஒண்ணும் தேஞ்சிடாது. ஸ்டூல், பலகை எல்லாத்தையும் அனுப்புங்க. பிள்ளைங்களும் ஜாஸ்தியா இருக்காங்களே, அவங்கள்லயும் ஒரு முப்பது பேரை அனுப்பிடுங்க. கூச்சப்படாதீங்க."

மேடத்தின் மனசு இளகிப்போனது. இத்தனை வருஷம் இந்த மனிதரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோமே என்று வெட்கமாக இருந்தது. அட்டை வீடுகள், ஸ்டூல்கள், பலகைகள், முப்பது பிள்ளைகள் என்று எல்லாம் கணக்கியல் துறைக்குள் போய்ச் சேர்ந்தன. கடைசியாகப் போன பையனைக் கதவைச் சாத்தும்போது கதவாலேயே உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

வகுப்பில் மிஞ்சியது பத்துப் பிள்ளைகளும் டேப் வீடும்தான். அதோடு விட்டிருக்கலாம். மேடத்துக்குள் இருந்த வாத்தியாரம்மா விடவில்லை. நாடகத் துறையிலிருந்து ஆளுயர நிலைக்கண்ணாடிகள் மூன்றைக் கேட்டு வாங்கிக் கடைசிச் சுவரோரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் அறை இரண்டு மடங்காகிவிட்டது. ஒரு பையன் அந்தப் பக்கம் போகப் பார்த்து நெற்றியை இடித்துக்கொண்டான். மேடத்துக்கு அவ்வளவு பெருமை.

அந்த நேரத்தில்தான் அதிகாரி வந்தார். வழுக்கைத் தலை, மாடி ஏறிக் களைத்த முகம், சட்டைப் பையில் பேனா. "வாங்க சார்" என்று மேடம் சொல்லி முடிப்பதற்குள் விறுவிறுவென்று நடு அறைக்கு வந்துவிட்டார்.

"சார், சுவர்" என்றாள் லீடர்.

அதிகாரி அப்படியே நின்றார். குனிந்து பார்த்தார். ஒரு கால் படுக்கையறையிலும் ஒரு கால் குளியலறையிலும் இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா, கவனிக்கல." காலை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியேறி, வாசலுக்காக டேப் ஒட்டாமல் விட்டிருந்த இடத்தில் வந்து நின்று, இல்லாத கதவை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "உள்ள வரலாமா?"

மேடத்துக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது. பிடித்தவரிடம் பொய் சொல்வது இன்னும் கஷ்டம்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. சமையலறை எங்கம்மா?"

"சமைக்காத குடும்பம் சார்."

"ஓ. அப்போ பிள்ளைங்களுக்குச் சாப்பாடு?"

"பிள்ளைங்க ஹாஸ்டல்ல இருக்காங்க."

"பின்ன எதுக்கு ரெண்டாவது படுக்கையறை?"

மேடத்துக்கு நெற்றி வியர்த்தது. "வீட்டுக்காரரோட தம்பி அடிக்கடி வருவார் சார்."

"வந்தா அவர் எங்க சாப்பிடுவார்?"

"சாப்பிட்டுட்டுதான் சார் வருவார்."

லீடர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதிகாரி அந்தத் தம்பிக்காக உச்சுக் கொட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கடைசிச் சுவரைப் பார்த்தார். அங்கே தூரத்தில் இன்னொரு டேப் வீடும் அதற்குள் இன்னொரு வழுக்கைத் தலைக்காரரும் மங்கலாகத் தெரிந்தார்கள்.

"அந்தப் பக்கமும் உங்க இடம்தானா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்த மேடத்தின் கண்ணுக்கு முன்னால் ஜெனரேட்டர் வந்து நின்றது.

"அதுவும் நம்மதுதான் சார்."

"அப்போ இடம் தாராளமா இருக்கு."

"தாராளமா இருக்கு சார். கை வீசி நடக்கலாம்." சொன்னதோடு நிற்காமல் மேடம் கை வீசி நடந்தும் காட்டினார்.

"மேடம், சுவர்" என்றாள் லீடர்.

அதிகாரி சிரிக்கவில்லை. அவர் முகம் ஏனோ வாடியிருந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உட்கார இடமில்ல, சாமான் வைக்க இடமில்லன்னு ஏதாவது குறை இருந்தா தயங்காம சொல்லுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

வாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று மேடத்துக்குப் புரிந்துவிட்டது. இதற்கெல்லாம் மசிகிற ஆளா அவர்?

"குறையா? இருக்கிற இடத்தையே என்ன பண்றதுன்னு தெரியல சார். மிச்சமே கிடக்கு."

லீடர் ஏதோ சொல்ல வந்தாள். மேடம் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டார், தலையை ஆட்டிக்கொண்டார், வாசல் வழியாகவே ஒழுங்காக வெளியேறினார்.

வராந்தாவில் தொட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கணக்கியல் துறைக் கதவை அடைந்தார். பின்னாலேயே மேடமும் நகர்ந்தார். கதவைத் தள்ளினால் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. உள்ளேயிருந்து யாரோ மூச்சை இழுத்துப் பிடித்ததும் இன்னும் கொஞ்சம் திறந்தது.

உள்ளே விரிவுரையாளர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவர் முதுகில் தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஜன்னல் விளிம்பு வரைக்கும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நட்டநடுவில் கணக்கு சார் மூன்று மாடி அட்டைக் கட்டடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதன் மொட்டை மாடியில் தாடையை வைத்தபடி நின்றார்.

"இப்படித்தான் இருக்கீங்களா?" என்றார் அதிகாரி. அவர் குரலே மாறிவிட்டது.

"பழகிடுச்சு சார். பிள்ளைங்க படிக்கணுமே."

மேடம் தலையை உள்ளே நீட்டினார். "சார், அதெல்லாம் எங்களோட..." என்று ஆரம்பித்தார். கணக்கு சார் மொட்டை மாடியிலிருந்து தாடையை எடுக்காமலேயே, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டார். கணக்கு சாரின் தோளை ஒரு முறை தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

மேடம் வகுப்புக்குத் திரும்பி, டேப் சோபாவில், அதாவது தரையில், உட்கார்ந்துவிட்டார்.

"நாம தப்பிச்சோம்ல மேடம்?" என்றாள் லீடர்.

"நாம தப்பிச்சோம். அந்த மனுஷன் மாட்டிக்கிட்டார். நம்ம குப்பையை எல்லாம் தன் தலையில போட்டுக்கிட்டு, வாயைத் திறக்காம நின்னார் பாத்தியா? நாளைக்கு அந்தப் புண்ணியவானை பேஸ்மென்ட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நாமதானே மேடம் அனுப்பறோம்?"

மேடம் ஹாலையும் படுக்கையறையையும் பார்த்தார். இந்த ஜன்னல், இந்த வெளிச்சம் எல்லாம் போகப்போகிறது என்று நினைத்ததும் அழுகை முட்டியது. ஆனால் இன்னொருவர் தலையில் மண்ணைப் போட்டு அந்த வெளிச்சத்தில் நின்று பாடம் நடத்த அவரால் முடியாது. எழுந்தார். படுக்கையறைச் சுவர், குளியலறைச் சுவர் என்று எதையும் பார்க்காமல் குறுக்கே நடந்து வெளியேறினார். பிள்ளைகள் ஒருவரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

பதிவாளர் அலுவலகத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அதிகாரியின் நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் அலுவலக உதவியாளர் ஒருவர்தான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா இப்பத்தான் கிளம்பினாரு மேடம். உங்க மாடி சமாச்சாரம் முடிஞ்சு போச்சு. கையெழுத்தும் போட்டாச்சு."

"அதை நிறுத்தணும்ங்க. கணக்கு சார் ரூம்ல இருந்த சாமான், ஸ்டூல், பிள்ளைங்க எல்லாமே எங்களுது. இடம் பத்தாம முழி பிதுங்கிக்கிட்டு இருக்கிறது நாங்கதான். தண்டனைன்னா அது எங்களுக்குத்தான் வரணும். அந்த நல்ல மனுஷனை விட்டுட்டு எங்களையே பேஸ்மென்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க."

உதவியாளர் துடைப்பதை நிறுத்திவிட்டு மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேஸ்மென்ட்டா? இடம் பத்தாத துறைக்குப் புதுக் கட்டடத்துல மேல்மாடி முழுக்கக் கொடுக்கறதுக்குத்தானே மேடம், ஐயா வந்தாரு? உங்ககிட்டயும் சொல்லிடுங்கன்னு போன வாரமே கணக்கு சார்கிட்ட சொல்லியிருந்தேனே."