பரணிதரன் நீட்டிய மூன்று வழிகள்

இந்த ஆடிக் கிருத்திகைக்கு வீட்டில் ஒரு விருந்தாளியும் தங்கக் கூடாது என்று பரணிதரன் முடிவு செய்தார். திருத்தணியில், அதுவும் மலையடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டு இப்படி முடிவு செய்வது, கடலோரத்தில் குடியிருந்துகொண்டு அலையை நிறுத்தச் சொல்வது போல. ஆனால் அவருக்கு வேறு வழியில்லை.

அவர் கல்லூரியில் வணிகவியல் நடத்துபவர். ‘சந்தை உத்திகளும் மாறிவரும் வாங்குவோர் மனமும்’ என்று வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கெடு முடிந்தது. நீட்டித்த கெடுவும் முடியப்போகிறது. திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

கடைசி அத்தியாயம்தான் இடித்தது. அவருடைய வழிகாட்டி, பேராசிரியை ஹேமாவதி, அதைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். கடைக்காரர் தந்திரத்தில் எல்லாரும் விழுவதாகவே எழுதியிருக்கிறீர்களே, இந்தக் காலத்து ஜனங்கள் தந்திரம் தெரிந்தே வாங்குகிறார்கள், அதற்கு ஓர் உதாரணம் கொடுங்கள் என்றார். அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை. யோசிக்க வீடு அமைதியாக இருக்க வேண்டும்.

வந்துகொண்டிருந்ததோ மனைவி ஷோபனாவின் தம்பி சந்திரமோகனும் அவன் பரிவாரமும். அம்மையார்குப்பத்தில் விசைத்தறியை நிறுத்திவிட்டுப் பூக்காவடியோடு கிளம்பினார்கள் என்றால், தெப்பம் முடிந்துதான் திரும்புவார்கள். வராதே என்று சொல்லிவிடலாம். ஷோபனா சண்டை போட மாட்டாள். பேசாமல் இருப்பாள். அது இன்னும் மோசம்.

ஆகவே பரணிதரன் தம் மூன்றாம் அத்தியாயத்தையே துணைக்கு அழைத்தார். அதில் ‘தூண்டில் சரக்கு’ என்று ஓர் உத்தி. பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் சின்ன டம்ளர் முப்பது ரூபாய், பெரிய டம்ளர் அறுபது. நடுவில் ஒரு டம்ளர், ஐம்பத்தைந்து. நடு டம்ளரை யாரும் வாங்குவதில்லை. அது விற்க வைத்ததும் அல்ல. அதைப் பார்த்த கண்ணுக்குப் பெரிய டம்ளர் லாபமாகத் தெரியும். அதற்காக வைத்தது.

அவர் கையால் எழுத எழுத, ஷோபனாதான் அதையெல்லாம் லேப்டாப்பில் டைப் அடித்துக் கொடுத்தாள். டைப் அடிக்கிறவர்கள் படிப்பதில்லை என்பது அவர் நம்பிக்கை. அதை மட்டும் அவர் ஆராய்ந்து பார்க்கவில்லை.

கிருத்திகைக்கு முந்தின நாள், பரணி நட்சத்திரத்துக் காலை. பழைய மாணவன் அருள்முருகனைக் கெஞ்சி, அவன் வேலை பார்க்கும் லாட்ஜில் பெரிய அறை ஒன்றைப் பிடித்துவிட்டு வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஷோபனாவின் எதிரில் உட்கார்ந்தார்.

“மூணு வழி இருக்குது ஷோபனா. நீயே ஒண்ணு எடுத்துக்கோ.”

முதல் வழி, வழக்கம்போல எல்லாரும் வீட்டில். சமையலும் பாத்திரமும் அவள் தலையில். இரண்டாவது, எல்லாரும் லாட்ஜில், சாப்பாடு ஹோட்டலில், அவள் அவர்களோடு நிம்மதியாக மலையேறிவிட்டு வரலாம். இதுதான் பெரிய டம்ளர். மூன்றாவது, எல்லாரும் வீட்டில்; ஷோபனா மட்டும் லாட்ஜில் ஓய்வெடுக்கலாம்; சமையல் பரணிதரன். பாலைக் காய்ச்சச் சொன்னால் பொங்கவிட்டு வேடிக்கை பார்க்கிறவர் அவர். அவரிடம் கிருத்திகை அடுப்பை எந்தப் பெண் விட்டுப் போவாள்? இது நடு டம்ளர்.

ஷோபனா நிமிரவில்லை. ஒரு தண்டைக் கிள்ளினாள். இன்னொரு தண்டைக் கிள்ளினாள்.

போன் அடித்தது. “பாவா, ஆர்.கே.பேட்டை தாண்டிகினு இருக்கோம்” என்றான் சந்திரமோகன். பின்னால் பஸ்ஸே அரோகரா போட்டது.

காவடியோடு வாசலில் வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப எந்த அத்தியாயத்திலும் உத்தி கிடையாது.

“சீக்கிரம் சொல்லு. ரூம்பை வேற யாருக்காவது குடுத்துடப் போறான்.”

“அட்வான்ஸ் கட்டிட்டீங்களா?”

“ஆங், கட்டிட்டேன்.”

“வைஃபை வருமாங்க?”

“சூப்பரா வரும். ஏசி கூட இருக்குது.”

“காவடி சத்தம்?”

“பின்பக்கத்து ரூம்பு. மேளம் கூடக் கேக்காது.”

சரக்கு விலைபோகிறது என்று அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஷோபனா எழுந்து கீரைத் தட்டை அவர் மடியில் வைத்தாள்.

“அப்ப மூணாவது.”

“மூணாவதை யாரும் எடுக்க மாட்டாங்க ஷோபனா.”

“ஆங். அப்படின்னுதான் நானும் டைப் அடிச்சேன்.”

லேப்டாப்பும் அவர் கையெழுத்துத் தாள்களும் அவள் பைக்குள் போயின. கடைசி அத்தியாயத்தைத் தானே முடித்து அனுப்பிவிடுவதாகவும், விரதச் சமையலில் வெங்காயம் பூண்டு தலைகாட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டு அவள் ஆட்டோ ஏறினாள். அந்த ஆட்டோ திரும்பிய முனையிலேயே மஞ்சள் வேட்டிகளும் பூக்காவடியும் தெரிந்தன.

கிருத்திகை அன்று சாம்பாரில் உப்பில்லை. சந்திரமோகன் பதமாக எடுத்துச் சொன்னான். மறுநாள் உப்பு மட்டுமே இருந்தது. அவன் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் ஹேமாவதி போன் செய்தார். பரணிதரன் ஒரு கையில் கரண்டியோடு எடுத்தார். பதிவு போயிற்று என்றுதான் நினைத்தார்.

“கடைசி அத்தியாயம் பிரமாதங்க. அந்த லாட்ஜ் உதாரணத்தைத்தான் இத்தனை நாளா கேட்டுகிட்டிருந்தேன். வீட்டுக்காரர் தூண்டிலைப் போடுறாரு, அந்தம்மா தெரிஞ்சே தூண்டிலோட எடுத்துகிட்டுப் போறாங்க. அவர் பேரை மட்டும் போடலையே, யாருங்க அவரு?”

பரணிதரன் அடுப்பைப் பார்த்தார்.

“தெரிஞ்சவர்தான் மேடம். சாம்பார் கிளறிகினு இருக்காரு.”