மூளை அளக்கும் குண்டு

அறிவுக்கு அளவுகோல் வந்துவிட்டது! இனித் தேர்வு வேண்டா, வினாத்தாள் வேண்டா. பிள்ளையின் உச்சந்தலைக்கு மேலே, நூலில் கட்டிய ஒரு பித்தளைக் குண்டைப் பிடித்தால் போதும். குண்டு வட்டமிட்டால் மேதை. நேர்கோட்டில் ஆடினால் மந்தம். அடடா, இது தெரியாமல் இத்தனை காலம் வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுத்தோமே!

பள்ளி வாசலில் காலை முதலே பெற்றோர் நெருக்கியடித்தனர். ஐந்தாம் வகுப்பறையில் ‘மூளை மகான்’ எழுந்தருளியிருந்தார். பட்டம் அவருக்கு அவரே சூட்டிக்கொண்டது.

டாக்டரம்மா மகனின் தலைக்கு மேலே குண்டு கிறுகிறுவென்று சுற்றியது. “மேதை! ஆனா மூளை சூடேறிடும். இந்தச் செப்பு மோதிரத்தைப் போடுங்க.”

தையற்காரர் மகளின் தலைக்கு மேலே நேராக ஆடியது. “மந்தம்! மூளை திறக்கணும். இந்தச் செப்பு மோதிரத்தைப் போடுங்க.”

நோய் இரண்டு, மருந்து ஒன்று. வியாபாரம் அமோகம்.

அந்தத் தையற்காரர் மகளை வகுப்பில் ‘நோண்டி’ என்பார்கள். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். அவள் காதில் தலைமையாசிரியரின் அறிவிப்பு இடியாய் விழுந்தது.

“வட்டம் வந்த பிள்ளைங்களுக்கு மட்டும்தான் இனிமே அறிவியல் சோதனை மேசை. மத்தவங்க பின்வரிசையில மனப்பாடம் பண்ணட்டும்.”

நோண்டி அந்த மேசையைத் திரும்பிப் பார்த்தாள். நூலில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு, நூலை நீட்டியும் குறுக்கியும் ஆட்டம் மாறுவதை அவள் கண்டறிந்த மேசையல்லவா அது!

“அப்பா, நான் மந்தமா?”

“பெரியவங்க சொல்றாங்கடா கண்ணு. மோதிரத்தைப் போட்டுக்கோ, சரியாயிடும்.”

“மாட்டேன். முதல்ல அந்தக் குண்டைச் சோதிக்கணும்.”

அவ்வகுப்பில் ஒரு விதி உண்டு: எந்தச் சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவற்றைத் தொடலாகாது. நோண்டி மேசைமேல் இருந்த, கொக்கி வைத்த இரும்புத் தாங்கியைத் தூக்கிவந்தாள்.

“ஐயா, அதே குண்டு, அதே நூல், அதே மேதை. உங்க கைக்குப் பதிலா இந்தக் கொக்கி. அது ஒண்ணுதான் மாத்தறோம்.”

“ஏய், அதிகப்பிரசங்கி! உட்காரு!” என்றார் தலைமையாசிரியர்.

“நாங்க சொல்லிக்கொடுத்ததைத்தானே சார் செய்யறா?” என்றார் வகுப்பாசிரியை.

டாக்டரம்மாவின் மகன் கொக்கியின்கீழ்த் தலையைக் கொடுத்தான். குண்டு அசையவில்லை. மேதையின் மூளை எங்கேனும் உலாவப் போய்விட்டதோ, என்னவோ!

மகான் சிரித்தார். “அசட்டுப் பொண்ணே, இரும்புக்கு உயிர் ஏது? மூளைக் கதிரை என் விரல்தான் உணரும்!”

“அப்ப கண்ணு வேணாம், இல்லையா ஐயா?”

“வேண்டவே வேண்டாம்!”

வாயைவிட்டுப் போன வார்த்தை திரும்புமா? நாக்கைக் கடித்தார். அதற்குள் வகுப்பாசிரியை தம் துப்பட்டாவால் அவர் கண்களை இறுகக் கட்டிவிட்டார்.

நோண்டி உதட்டின்மேல் விரல் வைத்தாள். கூட்டம் மூச்சடக்கிற்று. நாற்காலியில் ஏதோ அமர்ந்த ஓசை.

“கையை இங்க நீட்டுங்க ஐயா.”

மறுபடியும் டாக்டர் வீட்டுப் பிள்ளைதான் என்று மகான் கணக்குப் போட்டார் போலும். குண்டு சுற்றியது; சுழன்று சுழன்று சுற்றியது.

“ஆகா! இவ்வளவு தெளிவான மூளையை நான் பார்த்ததே இல்லை! குழப்பமே கிடையாது! இந்தப் பிள்ளை உலகத்தையே ஆளும்!”

முதலில் சிரித்தவன் டாக்டரம்மாவின் மகன். பிறகு அறையே அதிர்ந்தது. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால், நாற்காலியில் தரை துடைக்கும் வாளி கவிழ்ந்திருந்தது!

“குண்டு தானா சுத்தலை. யாரு தலைன்னு இவரு நெனைக்கிறாரோ, அதுக்குத் தகுந்தாப்ல கைதான் சுத்துது,” என்றாள் நோண்டி.

மகான் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவினார். தையற்காரர் வாசலை மறித்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க? மோதிரத்துக்கு வாங்கினதை வச்சிட்டுப் போங்க. என் பொண்ணையா மந்தம்னீங்க?”

“எனக்கு அப்பவே சந்தேகம்தான்,” என்று முணுமுணுத்தார் தலைமையாசிரியர்.

“அப்ப மேசை, சார்?” என்று கேட்டாள் நோண்டி.

“எல்லாருக்கும்தாம்மா, எல்லாருக்கும்தான்!”

பெற்றோர்களே, ஒன்று கேட்கிறேன். வாளிக்கு மூளை உண்டென்று குண்டு சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். உங்கள் பிள்ளைக்கு மூளை இல்லையென்று அதே குண்டு சொன்னபோது மட்டும் கைகட்டி நின்றீர்களே, ஏன்? சற்றே யோசியுங்கள். வாளியால் அது முடியாது, உங்களால் முடியும்.